பத்துக் கணக்கிலும் ஒன்று கூடுதல்

தொடக்கப் பள்ளி ஆசிரியர் வேலை என்பது, மோசமாகச் செய்தால் பிள்ளைகள் தாமாக ஓடிப்போவதும், நன்றாகச் செய்தால் பெற்றோரே அவர்களைப் பிடுங்கிக்கொண்டு போவதுமான வேலை என்று எனக்கு எந்தப் பல்கலைக்கழகமும் சொல்லித்தரவில்லை. கணிதத்தில் ஒன்றும் கல்வியியலில் ஒன்றுமாக இரண்டு முதுகலைப் பட்டங்களை வாங்கிக்கொண்டு, பாலக்கோட்டிலிருந்து நகரப் பேருந்தில் முக்கால் மணி நேரமும் அதன்பின் காலால் இரண்டு கிலோமீட்டரும் போய்த்தான் இதைக் கற்றுக்கொண்டேன்.

இதைப் படிக்கும் உங்களில் பாதிப் பேர் என் இனம் என்று நம்பித்தான் எழுதுகிறேன். காலையில் பிள்ளைகளின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் தலைகளை எண்ணிப் பார்க்கும் இனம். எங்கள் பள்ளியில் இரண்டு அறைகள், இரண்டு ஆசிரியர்கள், இருபத்தொரு தலைகள். எண்ணிக்கை ஒற்றை இலக்கத்துக்கு இறங்கினால் நான்கு வழிச் சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் பள்ளியோடு எங்களைச் சேர்த்துவிடுவார்கள் என்று வட்டாரத்தில் பேச்சு இருந்தது. தினமும் எட்டேகாலுக்கு ஓர் ஆங்கிலவழிப் பள்ளியின் மஞ்சள் வேன் ஊருக்குள் வந்து ஒலியெழுப்பும். அந்த ஒலியை எதிர்க்க என்னிடம் இருந்த ஆயுதங்கள் மூன்று: வெள்ளிக்கிழமைதோறும் ஒரு புதிர்க் கணக்கு, காலை உணவுக்குப் பிறகு அரைமணி நேர வாசிப்பு, மாலையில் பாட்டு. மூன்றும் கூர்மையானவை. கூர்மையான ஆயுதம் யாரை முதலில் வெட்டும் என்பதை நான் யோசித்திருக்க வேண்டும்.

பதினெட்டுப் பெட்டியும் ஒரு மொபெட்டும்

முதல் வெள்ளிக்கிழமை தாழ்வாரக் கரும்பலகையில் எழுதினேன்: தோட்டத்தில் பதினெட்டுத் தக்காளிப் பெட்டிகள் இருக்கின்றன, மொபெட்டில் ஒரு நடைக்கு நான்கு பெட்டிகள் கட்டலாம், சாலைக்குக் கொண்டுவர எத்தனை நடை? திங்கட்கிழமை வரை அவகாசம். யார் வேண்டுமானாலும் விடை சொல்லலாம், ஆனால் காரணத்தோடு சொல்ல வேண்டும். நாலரை என்று இரண்டு பேர் சொன்னார்கள். அரை நடை போன மொபெட் எங்கே நிற்கும் என்று கேட்டேன். ஐந்து என்று ஐந்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் சொன்னான். கைதட்டச் சொல்லிவிட்டுப் பலகையை அழிக்கப் போனேன்.

மூன்றாம் வகுப்பு நாகவேணி மட்டும் கைதட்டவில்லை. அவள் வீட்டில் கன்னடம் பேசுவார்கள். தமிழை அவள் ஒவ்வொரு சொல்லாகத் தடவிப் பார்த்துத்தான் வெளியே எடுப்பாள். அப்பா மாதையனுக்கு அரை ஏக்கர் தோட்டமும் ஒரு பழைய மொபெட்டும் உண்டு. அவள் எழுந்து நின்று, ஐந்து தப்பு, நாலு என்றாள். எப்படி என்றேன். என் இரண்டு முதுகலைப் பட்டங்களையும் ஒருசேரப் பார்ப்பவளைப் போல் என்னைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "மிச்சம் ரெண்டு பொட்டிக்காக எங்கப்பா மறுபடியும் வரமாட்டாரு டீச்சர். மொத ரெண்டு நடையில அஞ்சு அஞ்சா கட்டிடுவாரு."

அலமாரியின் சாவி

எங்கள் தலைமை ஆசிரியருக்கு ஓய்வு பெற இன்னும் சில ஆண்டுகளே இருந்தன. பள்ளிக்கு வந்த கதைப் புத்தகங்கள் அனைத்தையும் அவர் இரும்பு அலமாரியில் அடுக்கி, பூட்டி, சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொள்ளாத குறையாக வைத்திருந்தார். அவரைக் கொடியவர் என்று நான் சொல்லமாட்டேன். ஆய்வுக்கு வருபவர்கள் புத்தகத்தை எண்ணுவார்கள். படித்த பிள்ளைகளை எண்ணமாட்டார்கள். அந்த உலகத்தில் முப்பது ஆண்டுகள் வாழ்ந்தவர் அவர்.

நான் ஒரு வாரம் வாதாடிச் சாவியை வாங்கினேன். உப்புமாத் தட்டைக் கழுவி வைத்துவிட்டு வரும் பிள்ளைகள் வேப்பமரத்தடியில் அவரவருக்குப் பிடித்ததை எடுத்துப் படிக்கலாம் என்று வைத்தேன். முதல் மாதமே நாகவேணி ஒரு புத்தகத்தைப் பைக்குள் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள். அது திரும்பி வந்தபோது நடுப்பக்கத்தில் தக்காளிச் சாறு, ஒரு மூலையில் ஆட்டுக்குட்டியின் பல் தடம். ஆனால் கதை முழுவதும் அவளுக்கு மனப்பாடம். சத்துணவுச் சமையலர் முனியம்மாவுக்கு அதைச் சமையலறை வாசலில் நின்று நடித்தே காட்டினாள். நான் அந்தப் பெருமையோடு புத்தகத்தைத் தலைமை ஆசிரியரிடம் நீட்டினேன். அவர் பக்கங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். ஆட்டுக்குட்டியின் பல் தடத்தில் நின்றார். "கிழியாம இருக்கிற வரைக்கும்தான்மா இது புத்தகம்," என்றார். "கிழிஞ்சா இது விளக்கக் கடிதம்."

கடிதத்தை நான்தான் எழுதினேன். சாவியை மட்டும் திருப்பிக் கொடுக்கவில்லை. பிறகு எப்போதும் அது என் பையில்தான் இருந்தது. தினமும் காலையில் அலமாரியைத் திறக்கச் சாவி வாங்கப் பிள்ளைகள் வாசல் வரை ஓடிவருவார்கள். முதலில் வருபவள் எப்போதும் நாகவேணி. கையை நீட்டிக்கொண்டே சொல்வாள்: "சாவி வெச்சிருக்கீங்கதானே டீச்சர்?"

ஏழாம் வாய்ப்பாட்டுக்கு வந்த சாமி

ஏழாம் வாய்ப்பாடு எந்தத் தலைமுறைப் பிள்ளைக்கும் எளிதில் படிந்ததில்லை. இசையோடு சேர்த்தால் படியும் என்று பயிற்சிகளில் சொல்வார்கள். எந்த இசை என்று சொல்லமாட்டார்கள். உங்களுக்குத் தெரிந்த தாளம் ஒன்றைப் போடுங்கள் என்று பிள்ளைகளிடமே விட்டேன். நாகவேணி தண்ணீர் வாளியைக் கவிழ்த்துப் போட்டாள். இன்னொருத்தி தட்டை எடுத்துக்கொண்டாள். மாரியம்மன் பண்டிகையில் கேட்ட பம்பை அடியை இருவரும் பிசகாமல் எடுத்தார்கள். "ஓரேழு ஏழு, ஈரேழு பதினாலு" என்று மொத்தப் பள்ளியும் அதன்மேல் ஏறிக்கொண்டது. நானும் சேர்ந்து பாடினேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

ஐயேழு முப்பத்தைந்தில் சமையலறைக்குள் ஏதோ விழுந்தது. ஆறேழு நாற்பத்திரண்டில் முனியம்மா தலைமுடி அவிழ்ந்து, கையில் கரண்டியோடு, சாம்பார் சொட்டச் சொட்ட ஆடிக்கொண்டே வெளியே வந்தார். பிள்ளைகள் பயந்துபோய் இன்னும் வேகமாக அடித்தார்கள். அதனால் அவர் இன்னும் வேகமாக ஆடினார். தலைமை ஆசிரியர் செருப்பைக் கழற்றிவிட்டு, கைகூப்பி, சாமிக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். ஆடு வேண்டும் என்றது சாமி. வரும் ஆடியில் பார்க்கலாம் என்று இவர் தவணை கேட்டார். மஞ்சள் தண்ணீர் தெளித்த பிறகுதான் எல்லாம் அடங்கியது. அன்றைய சாம்பார் அடிபிடித்துப் போனது. ஆனால் ஏழாம் வாய்ப்பாட்டை அந்தப் பிள்ளைகள் இந்த ஜென்மத்தில் மறக்கமாட்டார்கள்.

மாலையில் முனியம்மா முகம் கழுவிக்கொண்டு, கூச்சத்தோடும் கோபத்தோடும் என்னிடம் வந்தார்: "கணக்குப் பாடத்துக்கு எதுக்குங்க டீச்சர் சாமியக் கூப்புடுற அடி? கூப்புட்டா அது வரத்தானே செய்யும்?"

ஆண்டு விழா என்னும் என் பிழை

கூப்பிட்டால் வரத்தான் செய்யும். இந்த எச்சரிக்கையை நான் அன்றே முழுதாகக் கேட்டிருந்தால் பங்குனியில் ஆண்டு விழா நடத்தியிருக்கமாட்டேன். ஊரையே கூப்பிட்டேன். பிள்ளைகளை மேடையேற்றி, பெற்றோர் கையாலேயே கேள்விச் சீட்டை எடுக்க வைத்து, அங்கேயே விடை சொல்ல வைத்தேன். வாய் திறக்காதவர்கள் என்று பெற்றோரே நம்பியிருந்த பிள்ளைகள் ஒலிபெருக்கியில் காரணத்தோடு விடை சொன்னார்கள். கதை படித்தார்கள். பம்பையைத் தவிர்த்து, கைத்தாளத்தில் பாடினார்கள். யார் யார் கெட்டிக்காரர் என்று பெயர் வாசித்துக் கைதட்ட வைத்தேன். நாகவேணி மட்டும் வரவில்லை. அவளுக்கு அம்மை கண்டிருந்தது. வாசலில் வேப்பிலை செருகியிருந்ததால் அந்த வீட்டிலிருந்து ஒருவரும் விழாவுக்கு வரவில்லை.

ஜூனில் பள்ளி திறந்தபோது நான் வாசித்த பெயர்களில் ஒன்றுகூட வருகைப் பதிவேட்டில் இல்லை. ஐந்தாம் வகுப்பை முடித்தவர்கள் போக, மீதிக் கெட்டிக்காரர்கள் அத்தனை பேரும் மஞ்சள் வேனில் இருந்தார்கள். நான் மேடையில் பரிசு கொடுத்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் நான் முத்திரை குத்தி, தரம் பிரித்து, பெட்டியில் அடுக்கி வைத்திருக்கிறேன். தலைகள் பதினொன்று. ஒரு பெண்ணின் தந்தையை வழியில் நிறுத்தி, நம் பள்ளியில் என்ன குறை என்று கேட்டேன். அவர் முகத்தில் உண்மையான நன்றி இருந்தது. அதுதான் என்னை அதிகம் சுட்டது. "குறையே இல்லீங்க டீச்சர்," என்றார். "இவ்ளோ அறிவு இருக்குதுன்னு நீங்கதானே காட்டுனீங்க. அறிவு இருக்கிற புள்ளைய இங்க வெச்சிருந்தா வீணாப் போயிடும்ங்களே."

ஒழுங்கான தவறுகள்

நான்காம் வகுப்புக்கு வந்த நாகவேணி மக்காகிவிட்டாள். வேறு சொல் எனக்குக் கிடைக்கவில்லை. வெள்ளிக்கிழமைப் புதிருக்குக் கை தூக்குவதில்லை. வாசிக்கச் சொன்னால் எழுத்துக் கூட்டினாள். தாளம் மட்டும் தப்பவில்லை. கை தன் போக்கில் பலகையைத் தட்டிக்கொண்டிருந்தது. அம்மைக் காய்ச்சல் கண்ணைத் தாக்கியிருக்குமோ என்று தருமபுரி மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு நானே அழைத்துப் போய்க் காட்டினேன். கண் நன்றாக இருந்தது. பிறகு, உங்களில் பலர் செய்வதைப் போலவே நானும் திட்டினேன். திட்டியும் பயனில்லை.

ஒரு நாள் பத்துக் கணக்குகள் கொடுத்துவிட்டுத் திருத்த உட்கார்ந்தேன். பத்தும் தவறு. சிவப்புப் பேனாவை மூடப் போனவள் நின்றேன். இருபத்துநான்கு வரவேண்டிய இடத்தில் இருபத்தைந்து. அறுபத்துமூன்றுக்கு அறுபத்துநான்கு. நூற்றெட்டுக்கு நூற்றொன்பது. பத்துக் கணக்கிலும் சரியான விடையைவிட ஒன்று கூடுதல். தெரியாத பிள்ளையின் தவறுகள் சந்தைக்கு வந்த ஆடுகளைப் போலச் சிதறி ஓடும். இவளுடைய தவறுகள் அணிவகுத்து நின்றன. பத்து விடையையும் சரியாகக் கண்டுபிடித்தவளால் மட்டுமே இப்படிப் பத்தையும் தவறாக எழுத முடியும்.

பிள்ளைகள் போன பிறகு அவளை நிறுத்திக் கேட்டேன். அப்பாவிடம் சொல்லப்போகிறேன் என்றேன். அவள் தமிழை மறந்து வீட்டுமொழிக்குப் போய்விட்டாள். "பேட டீச்சர், பேட" என்றாள். வேண்டாம் என்பதற்குக் கன்னடம். என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தாள்: "சரியா சொன்னவங்க எல்லாரும் வேன்ல போயிட்டாங்க. நான் இங்கயே இருக்கறேன் டீச்சர். அரும்புன்னே எழுதிக்கோங்க."

அரும்பு

வெளியுலகத்துக்குச் சொல்லிவிடுகிறேன்: பிள்ளைகளின் கற்றல் நிலையை அரும்பு, மொட்டு, மலர் என்று நாங்கள் பிரித்து எழுதுவோம். மலர் மேல்நிலை, அரும்பு கடைசி. கைபேசியில் பதிவேற்ற வேண்டும். எங்கள் ஊரில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் மட்டும்தான் அலைவரிசை எட்டும். அங்கே நின்றுகொண்டு, அந்த வட்டாரத்திலேயே நல்ல கணிதத் தலை ஒன்றை நான் அரும்பு என்று பதிவேற்றினேன். இரக்கத்தால் செய்தேன் என்று எழுத எனக்கு ஆசைதான். ஆனால் அதற்குள் ஒரு குடும்பம் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்விட்டிருந்தது. தலைகள் பத்து. நாகவேணி பத்தாவது. அவள் போனால் ஒற்றை இலக்கம். அந்தக் குழந்தை என்னோடு இருக்க விரும்பி மக்கானாள்; நான் என் பள்ளி நிலைக்க வேண்டும் என்று அவளை மக்காக்கினேன். இரண்டும் ஒன்றல்ல.

அதோடும் நான் நிற்கவில்லை. விடைத்தாள்களைப் பார்க்க வட்டாரத்திலிருந்து ஆள் வருவார்கள். பத்திலும் ஒன்று கூட்டி எழுதினால், என் கண்ணுக்குப் பட்டது அவர்கள் கண்ணுக்கும் படும். ஆகவே உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தேன்: முதல் கணக்கில் ஒன்று கூட்டு, அடுத்ததில் ஒன்று குறை, மூன்றாவதைச் சரியாகவே விட்டுவிடு, பிறகு மறுபடியும் முதலிலிருந்து. அவள் ஒரே தடவையில் பிடித்துக்கொண்டாள். கூட்டு, குறை, விடு. கூட்டு, குறை, விடு என்று விரலால் பலகையில் மூன்றடித் தாளம் போட்டுக் காட்டினாள். அவ்வளவு மகிழ்ச்சியான வகுப்பு ஒன்றை நான் அந்த ஆண்டு எடுக்கவில்லை.

தலைமை ஆசிரியர் கதவருகே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி, மிகவும் சோர்ந்த குரலில் சொன்னார்: "சரியா எழுத வைக்கத்தான்மா நமக்குச் சம்பளம் குடுக்கறாங்க. தப்பா எழுதறதையும் நீங்க இவ்ளோ நல்லா சொல்லிக் குடுக்கறீங்களே."

மாதையன் வந்த நாள்

அரையாண்டுத் தேர்வுக்குப் பின் பெற்றோர் கூட்டம். மாதையன் மொபெட்டில் தக்காளிப் பெட்டிகளோடு வந்து, வண்டியை வேப்பமரத்தில் சாய்த்துவிட்டு, தரையில் உட்கார்ந்தார். நாற்காலியில் உட்காரச் சொன்னால், துணி அழுக்கு என்பார். மகளின் அறிக்கையை நீட்டினேன். படிக்கத் தெரியாதவர்; என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். அரும்பு என்றேன். அப்படியென்றால் என்னங்க என்றார். கடைசி நிலை என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டார். கோபம் இல்லை, ஒரு கடனிலிருந்து விடுபட்டவரைப் போன்ற நிம்மதிகூட இருந்தது. படிப்பு ஏறாத பிள்ளையை எதற்கு அலைக்கழிக்க வேண்டும், இந்த வருசத்தோடு நிறுத்திவிடலாம், பெங்களூரில் தங்கச்சி வூட்டில் கைக்குழந்தை இருக்கிறது, வேணி போய்ப் பார்த்துக்கொள்ளட்டும் என்றார்.

என் நாவுக்குக் கூர்மை அதிகம் என்று தலைமை ஆசிரியர் முதல் பேருந்து நடத்துநர் வரை எல்லோரும் சொல்வார்கள். அன்று நான் அந்த நாவை நம்பவில்லை. மஞ்சள் வேனில் ஏறப்போகும் பத்தாவது தலை ஒரு பக்கம். ஒன்பது வயதில் அடுத்தவர் குழந்தையை இடுப்பில் சுமக்கப் போகும் பெண் ஒரு பக்கம். மூன்றாவது பக்கம் இல்லை. நான் நாகவேணியை உள்ளே கூப்பிட்டேன். பலகையில் புதிதாக ஒரு புதிர் எழுதினேன். அதுவரை எந்த வகுப்புக்கும் கொடுக்காத கடினமான புதிர். அப்பாவுக்குச் சொல்லு, காரணத்தோடு சொல்லு என்றேன்.

அவள் பலகையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். நான் தலையசைத்தேன். அந்தத் தலையசைப்பின் பொருள் அவளுக்குப் புரிந்தது. கண்ணில் நீர் கட்டி நிற்க, குரல் மட்டும் அசையாமல், விடையைச் சொல்லி, காரணத்தைச் சொல்லி, தவறாகச் செய்பவர்கள் எங்கே தவறுவார்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னாள். அறிக்கையில் இருப்பது நான் எழுதிய பொய் என்று மாதையனிடம் சொன்னேன். அவருக்கு அது காதில் ஏறவில்லை. மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே வெயிலில் தக்காளி வதங்கிக்கொண்டிருந்தது; அவர் ஐந்து பெட்டியையும் மறந்து உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து, வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டு, என்னைக் கும்பிட்டார். "அப்ப இதுக்கு மேல இங்க எதுக்குங்க டீச்சர்?" என்றார்.

பூட்டு

அடுத்த ஜூனில் மஞ்சள் வேன் ஒரு நிறுத்தம் கூடுதலாக நின்றது. தலைகள் ஒன்பது. ஒரு மாதம் கழித்து எங்களை நான்கு வழிச் சாலைக்கு அந்தப் பக்கம் சேர்த்துவிட்டார்கள். பிள்ளைகளில் நான்கு பேர் சாலையைக் கடந்து வந்தார்கள். மற்றவர்களின் வீட்டார் பயந்துகொண்டு வேறு ஏதோ ஏற்பாடு செய்துகொண்டார்கள். அலமாரியை ஏற்ற வண்டி வந்தபோது தலைமை ஆசிரியர் கையெழுத்துப் போட்டுப் புத்தகங்களை எண்ணினார். எண்ணிக்கை சரியாக இருந்தது. தக்காளிக் கறை படிந்த புத்தகத்தைக் கையில் எடுத்து, வைத்து, மறுபடியும் எடுத்தார். அதில் பக்கங்கள் எல்லாம் தளர்ந்து, அட்டை வேறாகத் தொங்கியது; அந்த அலமாரியில் நாற்பது கைகள் பட்ட புத்தகம் அது ஒன்றுதான். "இது ஒண்ணுதான்மா நாம நடத்துன பள்ளிக்கூடம்," என்றார்.

பாலக்கோடு பேருந்து நிலையம்

ஆயுத பூசை விடுமுறைக்கு முந்தைய நாள். பூசணிக்காய்க் குவியல்களுக்கு நடுவில் பேருந்துக்காக நின்றுகொண்டிருந்தேன். மாதையன் என்னைக் கண்டு வந்தார். முழங்கை வரை தக்காளிக் கறை காய்ந்து கறுத்திருந்தது. வேனுக்கும் சீருடைக்குமாக இப்போது அடுத்தவர் தோட்டத்திலும் அறுப்புக்குப் போகிறாராம். வேணி எப்படி இருக்கிறாள் என்றேன். சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த தாள் ஒன்றை எடுத்தார். பள்ளியிலிருந்து கூப்பிட்டு, கைநாட்டு வைத்துக்கொண்டு வரச் சொல்லியிருந்தார்களாம். கடைசி பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறார்களாம். இங்கிலீஷ் வரவில்லை, அதனால் எதுவும் வரவில்லை என்கிறார்களாம்.

அது கணக்குத் தேர்வுத் தாள். கணக்குக்கு ஏது இங்கிலீஷ்? பன்னிரண்டு கேள்விகள், பன்னிரண்டுக்கு நான்கு மதிப்பெண். பேருந்து நிலையத்தின் இரைச்சலில் நின்றுகொண்டு ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். முதல் விடை, ஒன்று கூடுதல். இரண்டாவது, ஒன்று குறைவு. மூன்றாவது சரி. நான்காவது கூடுதல். ஐந்தாவது குறைவு. ஆறாவது சரி. பன்னிரண்டாவது வரை ஓர் அடி பிசகவில்லை. என் விரல் அறியாமல் தாளின்மேல் தட்டிக்கொண்டிருந்தது: கூட்டு, குறை, விடு.

மாதையன் சொல்லிக்கொண்டே போனார். தினமும் கேட்கிறாளாம், நான் மக்காயிட்டா நம்ம பள்ளிக்கூடத்துக்கே அனுப்பிடுவியாப்பா என்று. அங்கே பூட்டுத் தொங்குகிறதே என்று இவர் சொன்னால், டீச்சர் சாவி வைத்திருப்பாங்க என்கிறாளாம்.

அவளுக்கு எல்லாம் தெரியும், வேண்டுமென்றே எழுதுகிறாள், வீட்டுக்கு வந்து நானே பேசுகிறேன் என்று அவரிடம் சொன்னேன். குரல் உயர்த்திச் சொன்னேன். பூசணிக்காய் விற்பவர் திரும்பிப் பார்த்தார். மாதையன் தாளை என் கையிலிருந்து மெதுவாக வாங்கி, பழைய மடிப்பிலேயே மடித்துக்கொண்டார். என்னைத் தேற்றுகிறவரைப் போல் சிரித்தார். "வுடுங்க டீச்சர். அன்னிக்கி நான் மனசு ஒடஞ்சிடுவேன்னு நீங்க அவளக் கெட்டிக்காரின்னு சொன்னீங்க, தெரியாதா எனக்கு? மொதல்ல அரும்புன்னு எழுதுனீங்களே, அதாங்க நெசம்."

இத்தனை ஆண்டுப் பணியில், நான் கற்பித்ததைக் கற்பித்தபடியே ஓர் எழுத்தும் பிசகாமல் ஒரு மாணவி தேர்வில் எழுதி நான் பார்த்தது அந்த ஒரு தாளில்தான்.